தரையைத் தட்டுதல்

ராடோமில், எட்டாவது மாடியில்,
இரவு வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது
காதுகளையும் கழற்றிவைக்க முடிந்தால்
நன்றாயிருக்கும்.
நூற்றுப் பன்னிரண்டை அழைத்தவர்களின் மூச்சு
இன்னும் அவற்றில் ஈரமாக இருக்கிறது.

எங்கள் பயிற்சியில் சத்தங்களுக்குப் பெயர் உண்டு.
இது மூச்சுத் திணறல். இது போதை.
இது தொலைக்காட்சி, பொருட்படுத்த வேண்டாம்.
ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கட்டம்.
அந்த நம்பிக்கையில்தான்
ஃபெரெட்டுக்கும் ஒரு நோட்டு போட்டேன்.

போர்சுக்கின் பக்கம் சீக்கிரம் நிரம்பியது.
டுக் டுக் டுக்:
கழுத்து குறுகிய குப்பியிலிருந்து
தண்ணீர் அவசரமாக இறங்குவது போல.
பொருள், மகிழ்ச்சி.
என் இடது காலுறையைச் சோபாவுக்கடியில் இழுத்துப்போகையில்,
காகிதப் பைக்குள் நுழைந்து
மறுபக்கம் வழியில்லை என்று கண்டுபிடிக்கையில்.
ஒற்றை டுக் ஒருநாளும் வந்ததில்லை,
பிரித்தால் பொருளற்றுப்போகிற சொல் அது.

புஸ்:
பொருள், கோபம்.
மறுநாளே அடித்துவிட்டேன்.
விளையாட்டின் நடுவிலும் புஸ்.
குளிப்பாட்டினால் புஸ். துவட்டினால் அதைவிடப் பெரிய புஸ்.
ஓரத்தில் எழுதினேன்: வாலைப் பார்.
அது குப்பி கழுவும் பிரஷ்ஷாக விரிந்திருந்தால்
கையை எடு.

பிறகு க்ளூஸ்கா வந்தாள். வெள்ளைத் தலை.
மருத்துவர் வொய்னாரோவ்ஸ்கா
அவள் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினார்.
எதிரே மேசையில் இருந்த போர்சுக் திரும்பினான்.
நான் திரும்பினேன்.

தூங்கும்போது தொட்டால் அலறுவாள்.
தன் குரலின் அளவு தெரியாத அலறல்,
ரயில் பிரேக் போடுவது மாதிரி.
கீழ்வீட்டு க்னியேவோஷ்
அறைச்சூடேற்றியின் குழாயைக் கரண்டியால் அடிப்பார்.
டங். டங். டங்.
நான் கூசி நிற்பேன். க்ளூஸ்காவோ
அலறலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்
குழாயில் மோவாயை வைத்துக்கொள்வாள்.
யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்று.

மனிதரின் கோபத்திலிருந்துதான் கற்றேன்.
உள்ளங்கையால் தரையை ஒருமுறை தட்டினால்
எந்த அலமாரிக்கடியில் இருந்தாலும் வருவாள்,
பக்கவாட்டில் துள்ளித் துள்ளி,
கதவுநிலையில் இடித்துக்கொண்டு.

பிப்ரவரியில் ஒரு அழைப்பு.
குரல் இல்லை.
குழாய் சொட்டியது. தூரத்தில் ஒருவன்
இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தான்.
திரையில் கட்டம் காத்திருந்தது: தவறுதலான அழைப்பு.
என் விரல் அதன்மேல்தான் இருந்தது.

பேச வேண்டாம், என்றேன். நகத்தால் தட்டுங்கள்.
ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.
ஒன்று.
அவனிடம் கத்தி இருக்கிறதா?
ஒன்று.
குழந்தைகள்?
நெடுநேரம் கழித்து, இரண்டு.
எத்தனையாவது மாடி என்று கேட்டேன்.
எண்ணினேன். என் வாழ்நாளில்
எதையும் அப்படி எண்ணியதில்லை.
வண்டி போய்ச் சேர்ந்தபோது இணைப்பு அறுந்தது.
பிறகு என்ன ஆயிற்று என்று
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
தரையில் படுத்து ஒருமுறை தட்டினேன்.
க்ளூஸ்கா வந்தாள். என் கழுத்துக்குக் கீழே புகுந்தாள்.
காதுக்கு எட்டவில்லை. வேலை முடிந்த காது.
ஆனால் அவள் விலா எலும்புகளில், என் விரல்களுக்குள்,
டுக் டுக் டுக்.
நோட்டில் அவள் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது,
விரலால் கேட்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவளுக்காக இன்னொருமுறை தட்டினேன்,
கொஞ்சம் பலமாக. காலை ஆறு மணி.
கீழேயிருந்து கரண்டி:
டங். டங்.

இரண்டு.
இல்லை என்கிறார்.
க்ளூஸ்கா என் கையை உதறிக்கொண்டு
பதில் சொல்ல
குழாயை நோக்கி ஓடினாள்.