முன்சக்கரம்

சமையலறையில் தலைகீழாய் நிற்கிறது
தோருனின் மூன்று சக்கர சைக்கிள்.
தலைசுற்றல் வந்த பிறகு
இரண்டு சக்கரத்தை நம்புவதை விட்டவள் அவள்.
மூன்றுக்குச் சமநிலை தெரியும்,
ட்ரோண்ட்ஹைம் மேடுகள்தான் தெரியாது.

மோட்டார் அச்சு ஃபோர்க்கில் இறங்கவில்லை.
அரை மில்லிமீட்டர்.
வானொலிச் செய்தி முடியும்வரை
அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.
மஞ்சளோடு மஞ்சள், பச்சையோடு பச்சை,
நீலத்தோடு நீலம்.
பெடலைக் கையால் சுற்றினாள்.

சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது,
அத்தனை உற்சாகமாக.

ஐவிண்ட் சிரித்த சிரிப்பில்
அடுப்பில் மீன் தீய்ந்தது.
பேசாமல்
இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாள்.

மறுநாள் பனியில், மேட்டின் பாதியில்,
முன்சக்கரம் மட்டும் சுழல
வண்டி நின்ற இடத்திலேயே.
பாரமெல்லாம் பின்கூடையில்தானே இருக்கிறது!
பேட்டரியைக் கழற்றி முன்னால் கட்டினாள்,
போதாததற்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கும்.
குளிரில் அது சோம்புமாம்:
பேட்டரிக்கு ஐவிண்டின் பழைய கம்பளிக் குல்லா.

இப்போது ஏறுகிறது.
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.
பெடலைச் சும்மா சுற்றினாலே போதும்.
ஆனாலும் அழுத்தி மிதிக்கிறாள் தோருன்,
ஒரு மரியாதைக்கு.