நெறிமுறைப் பாகம்

நிதிப் பகுப்பாய்வாளர் பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று.
அட்டையிலிருந்து டொலர் போன வேகத்தை
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
கட்டணத்தோடு பாடநூல் இலவசமாம்,
திரையில் மட்டும். மூவாயிரம் பக்கம்.
தாளில் வேண்டுமென்றால்
இன்னும் டொலர், இன்னும் கப்பல், இன்னும் சுங்கம்.

எனக்குத் தாள்தான் வேண்டும்.
திரையில் படிப்பது
கொள்ளுப்பிட்டியில் என்னோடு பஸ் ஏறி
பம்பலப்பிட்டியிலேயே இறங்கிவிடுகிறது.
வெள்ளவத்தைக்கு நான் தனியே வந்து சேர்கிறேன்.

ஒபிசில் மூன்று கட்சி.
ருக்சானா சொல்கிறாள், சுருக்கக் குறிப்பு ஐந்து புத்தகம் போதும்,
மிச்சம் வினாத்தாள் போடுகிறவருக்கே தெரியாது.
கடன் பிரிவு செல்வநேசன்:
மூலநூலை விட்டவர் முக்கால் வழியில் விழுவார்.
(மூன்றாம் தடவை எழுதுகிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.)
தனஞ்சய மல்லிக்கோ கேள்வி, கேள்வி, கேள்வி.
நாலாயிரம் செய்து பாருங்கோ,
நாலாயிரத்து ஓராவது பரீட்சையில் வரும்.

மூன்றையும் எக்செல்லில் போட்டேன்.
விலை. பக்கம். மிஞ்சியிருக்கும் நூற்றுப் பத்தொன்பது நாள்.
நாளுக்கு இரண்டு மணித்தியாலம், போயாவென்றால் ஆறு.
மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நிரல்,
சும்மா, முன்னேற்பாடாகப் பத்து நாள்.
என் மாலைநேரத்துக்கு என்ன கழிவு வீதம் போடுவது?
எதைப் போட்டாலும்
தேறிய தற்போதைய பெறுமதி மூன்றுக்கும் மறையாகவே வந்தது.

சனிக்கிழமை மருதானைப் பழைய புத்தகக் கடைகள்.
சோமபால மாத்தயா ஏணியில் ஏறி இறங்கி
ஆறு தொகுதியில் ஐந்தை எடுத்துத் தந்தார்.
நாலு வருடப் பழசு. தூசு தட்டியதில் இருவருக்கும் தும்மல்.
ஓரமெல்லாம் பச்சை மையில் சிங்களக் குறிப்பு,
வட்ட வட்டமான பெண் கையெழுத்து.
அடிக்கடி ஒரே சொல்: அமாருய்.
கஷ்டம்.
நான் தடுக்கப்போகும் இடமெல்லாம்
முந்தியே ஒருத்தி தடுக்கியிருக்கிறாள்.
நாலாம் தொகுதி, பிணைமுறி, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்
ஒரு பஸ் டிக்கட்.
அதன் பிறகு பச்சை இல்லை.

பாஸ் பண்ணினாவா என்று கேட்டேன்.
"மெல்பேர்ன்" என்றார் மாத்தயா.
அது பாஸா, பெயிலா, எனக்கு விளங்கவில்லை.
விலையில் இருநூறு குறைத்தார்.

இல்லாமல் போன தொகுதிதான் நெறிமுறை.

ருக்சானாவின் புதுப் பிரதியை இரவல் வாங்கி
றிஸ்மியின் கடைக்குப் போனேன்.
"முழுசா அடிக்கவா அக்கா? ஸ்பைரல் ப்ரீயாப் போட்டுத் தாறன்."
இயந்திரத்தின் வெளிச்சம்
ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டு போனது.
பொழுது போகாமல்
சூடாக விழுந்த தாளொன்றை எடுத்தேன்.

சக ஊழியரின் பாடநூலை
உரிமையாளரின் அனுமதியின்றிப் பிரதி எடுக்கிறார் ஒரு பகுப்பாய்வாளர்.
அவர் நியமத்தை மீறினாரா?
அ. இல்லை, அவர் அதை விற்கவில்லை.
ஆ. இல்லை, அவரது நாட்டில் அது வழக்கம்.
இ. ஆம்.

முதல் கேள்வியே சரி.

நிற்பாட்டுங்கோ தம்பி என்றேன்.
கரண்ட் போய்விட்டதோ என்று
றிஸ்மி மேலே பார்த்தான்.
அதற்குள் பதினாலு தாள் வந்திருந்தது,
பதினாலுக்கும் காசு கொடுத்தேன்.
காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
கடையில் நின்ற பத்துப் பேரும்
பகுப்பாய்வாளர்களாகிவிடுவார்கள்.

ஆகவே நெறிமுறை மட்டும் திரையில்.
பம்பலப்பிட்டியில் இறங்கிப் போனால்
நாளைக் காலை அதே தரிப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.
மற்ற ஐந்தும் மேசையில், தும்மலோடு.
பதினாலு தாளின் பின்பக்க வெள்ளையில்
இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்துக் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன்.
அமாருய்.
ஒரு தாளில் மகள் யானை வரைந்துவிட்டாள்.
மிச்சம் பதின்மூன்று.