வெறும் வண்டி எடை

கருத்துச் சொல்லுங்கள் என்று உங்கள் பெட்டி
வைக்கோல் லாரி மேடையேறும் நேரமாகப் பார்த்து
திரையில் எட்டிப் பார்த்தது.
மூடிவிட்டேன். பதினாறு டன் நானூறு. சீட்டைக் கிழித்தேன்.
இப்போது இரவு இரண்டேகால்.
எஸ் வளைவில் ஏதோ கவிழ்ந்து கிடக்கிறதாம்,
வண்டி வரத்து இல்லை.
சொல்கிறேன்.

புளியரையில் எடைமேடைக் கணினி பார்க்கிறவள் நான்.
மலைக்கு இந்தப் பக்கம் கடைசி எடை எங்களுடையது.
இங்கே போட்ட கணக்கை ஆரியங்காவில் கேட்பார்கள்,
ஒரு மூட்டை இடித்தாலும் ஃபோன் எனக்குத்தான்.
அதனால் போன வருஷத்து எடையும் எனக்கு வேண்டும்.
அதெல்லாம் ஒரு சோப்புப்பெட்டி அகல இரும்புக்குள்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆரோக்கியம் ஐம்பத்து மூன்று சதவீதம் என்கிறீர்கள்.
பாஸா, பெயிலா?
லாரி என்றால் எனக்குப் புரியும்,
சுமையோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழித்தால் சரக்கு.
உங்கள் நூறில் எதைக் கழித்தீர்கள்?

முதல் வாரம் அந்த மஞ்சளைப் பார்த்துத் தூக்கம் போனது.
இரண்டாம் மாதம், முட்டை லாரிக்காரர் கொடுத்த காலண்டரில்
ஒரு தாளைக் கிழித்து அதன்மேல் ஒட்டினேன்.
சூடு ஐம்பத்தெட்டு என்று ஒருநாள் அலறியது.
ஆனிச் சாரல், ஜன்னல் வழியே மேகம் வந்து உட்காரும் ஊர்,
இங்கே ஏது சூடு என்று உங்களைத் திட்டினேன்.
பிறகு பார்த்தால்
காற்றுப்போகும் துளையெல்லாம் மூடி
என் துண்டை நானே காயப்போட்டிருக்கிறேன்.
இது உங்கள் குறையில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அடுத்தது பாராட்டா புகாரா,
நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.
மூன்றாவது திரையில், யாரும் போகாத மூலையில்
'ஓடிய மணிநேரம்' என்று ஒரு வரி.
முப்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு.
டிஸ்க் வாங்கி எட்டே மாதம்.
ராப்பகலாக ஓடினாலும் ஆறாயிரம் தாண்டாது.
மிச்சம் இருபத்தைந்தாயிரம் மணி
யாருடையது?

புதுசு என்று தென்காசியில் விற்ற குற்றாலிங்கத்தைக் கேட்டேன்.
'புனலூர்ச் சரக்கு அக்கா,
ஏதாவது வீட்டு கேமராவில் கிடந்திருக்கும்' என்றான்,
காசைத் திருப்பித் தருகிற முகமாக இல்லை.

மூணு வருஷம் ஒரு வாசலையே பார்த்திருக்கிறது.
அந்தப் பக்கத்து மழையை.
கேட்டைச் சாத்த மறந்து திரும்பி வருகிற ஒருவரை.
துடைத்து, உறை போட்டு, மலையிறக்கி
என் மேசையில் காலி என்று நிறுத்தினார்கள்.
வெறும் வண்டிக்கும் எடை உண்டு என்று
எனக்கா தெரியாது?
அந்த வரியை முதல் திரைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று.
வேறு டிஸ்க் கேட்டால் முதலாளி
'அதான் ஐம்பத்து மூணு இருக்கே, ஓடட்டும்' என்கிறார்.
அவர் செங்கோட்டையிலிருந்து வந்து எட்டிப் பார்க்கும் அன்று மட்டும்
பன்னிரண்டு, சிவப்பில்,
காட்ட முடியுமா?

எழுதிவிட்டு ஒரு டீ குடித்தேன்.
'சேச்சி, ஒரு முந்நூறு கிலோ குறைச்சுப் போடு' என்று
தினம் நாலு பேராவது என்னிடம் கெஞ்சுகிறார்கள்.
முடியாது என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிவிடுவேன்.
நானே வந்து உங்கள் கதவில் நிற்கிறேன்.
மேலே கேட்டதை விட்டுவிடுங்கள்.
உள்ளதையே காட்டுங்கள்.

நட்சத்திரம் மூன்று.
நாலாவது என்னிடம் இருக்கிறது:
இது நிற்கப்போகும் நாளுக்கு
ஒருநாள் முந்திச் சொன்னீர்களென்றால் போடுகிறேன்.
உள்ளே இப்போது கடக் என்றது.
உங்களுக்குக் கேட்டதா?

ஹாரன்.
வளைவு திறந்துவிட்டது போல.
மலையிலிருந்து இரண்டு வெளிச்சம்,
காலி வண்டிகள்,
தார்ப்பாய் மட்டும் படபடவென்று.
எடை போடணும், வருகிறேன்.

ம. சுடலைவடிவு,
புளியரை.