ஏழாம் வட்டாரத்துக்கு மை பூசியவன்

முகம் பார்ப்பது பக்கத்து மேசை.
எனக்கு விரல் மட்டும்.
இடது கை, சுண்டு விரல்,
நகமும் தோலும் சேருமிடத்தில் ஒரு கோடு.
அடுத்த ஆள்.

கீழ்ப்பிரிவு, மேல்பிரிவு, பங்களா வளைவு,
மஹ்ரூப் முதலாளி கடையோடு ஒட்டிய பத்து வீடு.
இதற்கு வட்டாரம் என்று பெயர் வந்தது பிந்தி.
அதற்கு முன்னே
சபைச் சுவரின் வரைபடத்தில் ஒரு பச்சைப் பூச்சு,
உள்ளே தேயிலை என்று எழுதியிருக்கும்.
ஆள் இருப்பதாக எழுதவில்லை.

தொண்ணூற்றொன்றில் முதல் தடவை.
விடியுமுன்னே வரிசை பீலிக்கரை தாண்டியது.
அங்கம்மா கையை நீட்டினார்.
கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன கை.
என் கோடு எங்கே விழுந்ததென்று எனக்கே தெரியவில்லை.
"நல்லாப் போடு தம்பி,
நாப்பது வருஷமா இந்த விரலு
சும்மா கெடந்துச்சி."
இன்னொரு தடவை தொட்டேன்.
சட்டப்படி அது பிழை.

அந்த முறை வந்தவர் பெரியண்ணன், ஏணிச் சின்னம்.
பள்ளிக்கூடத்திலிருந்து மேல்பிரிவு வரை
அறுநூறு யார் ரோட்டு போடுவேன் என்றார்.
சபை பதில் எழுதியது:
பாதை தோட்டத்துக்குரியது, எங்கள் பணம் அங்கே செல்லாது.
தோட்டத்து ஆபீஸ் பதில் எழுதியது:
ரோட்டு சபையின் பொறுப்பு.
ரெண்டு கடதாசியையும்
சட்டைப்பையில் கிழியும்வரை வைத்திருந்தார்.
நடுவால் மழைத்தண்ணி ஓடியது.

தொண்ணூற்றேழில்
அதே ரோட்டைச் சொல்லி வந்தார் செல்லக்கண்ணு.
அந்த ஐப்பசியில் மூக்காயி மகளைக்
கம்பளியில் கட்டித் தூக்கிப்போனார்கள்.
பாதி வழியில், ரெண்டாம் முடக்கில்,
பிள்ளை பிறந்துவிட்டது.
லோஜினி என்று பதிந்தார்கள். பிறந்த இடம்: ஆஸ்பத்திரி.

இரண்டாயிரத்து இரண்டில் அதே ரோட்டைச் சொல்லி
செல்லக்கண்ணுவின் மச்சான்.
ஆறாம் வருஷம் யாரென்று கேட்காதீர்கள்,
வாக்கு எண்ணியவர்களுக்கே ஞாபகமில்லை.
காம்பராவுக்கு நாலு தகரம் கொடுத்த வருஷம் அது.
பெயின்டில் அடித்த கேத்தல் சின்னம்
இன்னும் கூரையில் இருக்கிறது,
வானத்தைப் பார்த்தபடி.

பதினொன்றில் நான் காய்ச்சலில் கிடந்தேன்.

பதினெட்டில் எண்ணியதும் எங்கள் பள்ளியிலேயே.
நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை
ஓரத்தில் அடுக்கிவிட்டு எண்ணினோம்.
சந்திரபோஸ் அறுநூற்றுப் பதினொன்று.
பிரான்சிஸ்கா அறுநூற்றுப் பதினொன்று.
திரும்ப எண்ணினோம். திரும்பவும் அதுவே.
பெயரெழுதிய ரெண்டு துண்டைச் சுருட்டி
பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார் அதிகாரி.
ஒரு கிளிஜோசியக்காரனின் முகம் அவருக்கு.
சந்திரபோஸ் வந்தார்.
பட்டியலில் பிரான்சிஸ்காவும் வந்தார்.
அந்த வருஷந்தான் சட்டமும் மாறியது,
சபைப் பணம் தோட்டத்துக்குள் வரலாமென்று.
வந்தது. கொங்ரீட் போட்டார்கள்,
இருநூற்று முப்பது யார்,
ரெண்டாம் முடக்குக்குக் கொஞ்சம் முன்னே நின்றது.
மீதி யார்?
கேட்டால் ரெண்டு பேரும்
ஒருவரையொருவர் காட்டினார்கள்.

இருபத்து மூன்றில் நாள் குறித்தார்கள்,
வேட்பாளர்கள் கட்டுப்பணம் கட்டினார்கள்,
அச்சடிக்கக் காசில்லை என்றார்கள்.
சுவரொட்டிகள் மட்டும் போட்டியிட்டன,
ரெண்டு மழைக்காலம்.

போன வைகாசி நானும் வரிசையில் நின்றேன்.
பென்சன் எடுத்தவன், வெறும் வாக்காளன்.
மை மேசையில் லோஜினி,
தபால் கந்தோர் வேலைக்காரி, இருபத்தேழு வயசு.
முகம் பார்க்கவில்லை. சரியாகத்தான் செய்தாள்.
சுண்ணக்கட்டி மட்டும் பிடித்த விரல்.
கோடு பளிச்சென்று விழுந்தது,
முழு வரிசைக்கும் தெரிகிற மாதிரி.
கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

ராத்திரி பட்டாசு
கீழ்ப்பிரிவில் வெடித்தது.
கொஞ்ச நேரம் கழித்து
மேல்பிரிவிலும் வெடித்தது.
பட்டியல் வந்திருக்கும்.