டோசிங் பம்பு

ஜுபைலில், ஐந்தாம் கூலிங் டவரின் காலடியில்
எட்டு வருஷமாக ஒரு சின்னப் பம்புக்குக் காவல் நான்.
மணிக்கு இத்தனை மில்லி என்று இன்ஹிபிட்டர் சொட்டும்.
நின்றுபோனால்
குழாயின் இரும்பு தண்ணீரோடு நடையைக் கட்டும்.

ஷிஃப்டுக்கு மூன்று தரம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன்.
அந்தப் பழக்கதோஷம்தான்,
ஒரு நவம்பர் விடியலில், கேம்ப் கக்கூஸில்
என் முதல் மூத்திரத்தையும் பிடித்துப் பார்த்தேன்.
கடுங்காப்பி.
மத்தியானம் டீ. சாயங்காலம் வெறும் மஞ்சள்.
மறுநாள் விடிந்தால் மறுபடியும் காப்பி.

லேபில் ரெனாட்டோவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன்.
மூடியைத் திறந்து முகம் சுளித்தவன், ஆனாலும் சோதித்துவிட்டு,
"எந்த எக்ஸ்சேஞ்சர் இது? இரும்பாய்க் கிடக்கிறதே" என்றான்.
என் விலாவைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.

தம்மாமில் டாக்டர் ஹுதா
தாளில் வட்டம் வட்டமாகப் போட்டார்.
சிவப்பணு ஒவ்வொன்றும் தோலில் ஓர் அடையாளம் குத்தியிருக்குமாம்.
என்னுடையவற்றில் முக்கால்வாசிக்கு அது கிடையாது.
இரத்தத்தில் ரோந்து சுற்றும் படைக்கு
அடையாளமில்லாததைக் கண்டால் உடைக்கத்தான் தெரியும்.
"இக்காமா இல்லாத ஆள் மாதிரி" என்றேன்.
பேனா நின்றது.
"அந்த உதாரணத்தை நீங்கள் சொல்லலாம்.
நான் சொல்ல முடியாது."

படைக்கு ஒரு கத்தரி உண்டு.
ஒரு புரதம், இருப்பதே கொஞ்சம்,
முழுப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை: டி.
அது வெட்டினால் அடுத்தது திறக்கும்,
திறந்தது இன்னொன்றை எழுப்பும்,
முடிவில் அணுவின் தோலில் ஓட்டை.
மாத்திரை போய்க் கத்தரியின் வாயிடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்,
பல்லிடுக்கில் பாக்குத்துண்டு போல.
"இதற்கு இன்ஹிபிட்டர் என்று பெயர்" என்றார்
புதுச்சொல் கற்றுத்தருகிற நிதானத்தோடு.
எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கத்தரி மடங்கினால் கிருமிக்கும் கொண்டாட்டமாம்.
ஆகவே முதலில் மூளைக்காய்ச்சல் ஊசி.
வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் உம்ரா போகிறவர்கள்.
"கிறிஸ்துராஜ் செல்லப்பழம் தவசிமுத்து!"
அப்பா, தாத்தா எல்லாரையும் சேர்த்துக் கூப்பிட்டாள் நர்ஸ்.
"உம்ராவுக்கா?"
"இல்லை சிஸ்டர், மூத்திரத்துக்கு."
பின்னால் நின்ற பெஷாவர்க்காரர்
எனக்கும் சேர்த்துக் கையேந்தினார்.

எட்டு மணிக்கொரு மாத்திரை.
பதினோராம் நாள் விடியலில் பாட்டிலுக்குள் மஞ்சள்.
ரெனாட்டோவிடம் ஓடினேன்.
"நல்லது, தூரமாய்க் கொண்டுபோ" என்றான்.

மெட்டில்டாவிடம் சொன்னது "இரத்தம் கொஞ்சம் கம்மி" மட்டும்.
அவளே தூத்துக்குடியில் நாலு மருந்துக்கடை ஏறி
ஒரு மாத்திரையின் விலையைக் கேட்டிருக்கிறாள்.
அன்று போனில் வெகுநேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கம்பெனி ஒப்பந்தம் மார்ச் வரை.
அதற்குமேல் இன்சூரன்ஸ் கார்டு வெறும் பிளாஸ்டிக்.
டாக்டர் எச்சரித்திருக்கிறார்:
அடையாளமில்லாமல் பிழைத்துத் திரியும் அணுக்கள்
இப்போது முன்னைவிட அதிகம்.
திடீரென்று நிறுத்தினால்
அத்தனையும் ஒரே இரவில் பிடிபடும்.

நேற்று மூன்றேமுக்கால் மணிக்குப் பம்பு ட்ரிப் ஆனது.
ஃபோர்மேன் தூங்கட்டும் என்று
வாளியில் அளந்து, கையாலேயே ஊற்றினேன்
மின்சாரம் திரும்பும்வரை.
நடுவில் அலாரம் அடித்தது, என்னுடைய அலாரம்.
ஒரு கையில் வாளி, மறுகையில் மாத்திரை,
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

இப்போது மேஜையில் இரண்டு பாட்டில்கள்.
ஃப்ளேர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.
இரண்டிலும் அந்தப்பக்கம் என் விரல் தெரிகிறது.
மறப்பதற்குள்
எது டவர், எது நான் என்று
லேபிள் ஒட்ட வேண்டும்.