நூறு மீட்டர், கடல் பக்கம்

ஜெலுத்தோங் கரைத் திடலில்
போன மாதம் மட்டும்
ஐந்து பெண்பிள்ளைகள்
பன்னிரண்டுக்குக் கீழே ஓடிவிட்டார்கள்.
ஒருத்திக்கு முட்டியில் பிளாஸ்திரி.
இன்னொருத்தி பாதியில்
ஒருமுறை திரும்பி வேறு பார்த்தாள்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.
காற்றுமானி பார்த்த ரோஸ்னா தன் தாளை விரித்தாள்:
ஒன்று புள்ளி இரண்டு, பூஜ்யம் புள்ளி ஒன்பது,
எல்லாம் சட்டத்துக்குள் அடங்கிய காற்று.
துப்பாக்கி வெடித்த ஊய்
தோட்டா வாங்கிய ரசீதோடு வந்து நின்றார்.
கேமராவைக் கழற்றி மாட்டினார்கள்.
இரும்பு நாடா நூறு மீட்டரை
இரண்டு தடவையும் நூறு என்றே சொன்னது.
கேண்டீனில் மட்டும்
'மருந்து' என்ற சொல்
தே ஓ கிளாஸ்களுக்கு நடுவே
சீனி டப்பா மாதிரி கைமாறியது.

தரையை யாரும் கேட்கவில்லை.

எனக்கு வேலை மாநகர் மன்றத்தில், வடிகால் பிரிவு.
தண்ணீர் எந்தப் பக்கம் போகும்
என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.
திடல் இருக்கும் இடம் கடலாக இருந்தது.
லாரி லாரியாக மண் கொட்டி
மேலே சிவப்பு ரப்பர் விரித்தார்கள்.
கொட்டிய மண் சும்மா கிடக்காது, உட்காரும்.
கடல் பக்கம் கொஞ்சம் கூடவே உட்காரும்.

ஞாயிறு, வெயில் ஏறுமுன்
இருபது மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி
குமிழி போகத் தட்டித் தட்டி
ஐந்து தாவலாக அளந்தேன்.
தொடக்கக் கோட்டைவிட முடிவுக் கோடு
பதின்மூன்று சென்டிமீட்டர் தாழ்வு.
பத்து வரை மன்னிப்பு உண்டு.

டியூபைச் சுருட்டாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்றேழில்,
இதே திடலில், ஆறாவது தடத்தில்
பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் நான்கு. நான்.
அந்தச் சீட்டைக் காட்டித்தான் உபகாரச் சம்பளம்,
அதில்தான் டிப்ளமா,
டிப்ளமாவில்தான் இந்த டியூப்.
வேறெங்கும் அந்த நேரம் வரவே இல்லை.
ஈப்போவில் பன்னிரண்டரை. மழை என்றேன்.
குவாந்தானில் பன்னிரண்டு நாற்பது. ஹாஸ்டல் சோறு என்றேன்.
சிரம்பானில் காரணம் கேட்கவும் ஆளில்லை.
அன்றைக்கு மண் எவ்வளவு உட்கார்ந்திருந்தது?
பதின்மூன்றே என்றாலும்
நொடியில் நூறில் இரண்டு பங்கு தரும்,
தாராளமாகக் கணக்கிட்டால் மூன்று.
மீதியை எங்கே வாங்கினேன்?

"அக்கா, என்னா அளக்குறீங்க?"
திலோஷினி. பதினொன்று புள்ளி ஆறு எட்டு.
ஸ்பைக்ஸ் இரண்டையும் நாடாவில் முடிந்து
கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.
"தண்ணி எங்க நிக்குதுன்னு."
தண்ணீரைப் பார்த்தாள்.
திடலின் இரண்டு முனையையும் பார்த்தாள்.
பள்ளியில் அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"அப்ப நான் அந்தப் பக்கமிருந்து ஓடுறேன்.
நீங்க நேரம் புடிங்க."

முடிவுக் கோட்டில் குனிந்தாள்.
அவளுக்குப் பின்னால் கடல், பாலம்,
பாலத்தில் பாகான் போகிற லாரிகள்.
நான் மேட்டில் நின்று கையை இறக்கினேன்.
மேடு ஏறுகிறவள் மாதிரி வரவில்லை,
யாரிடமோ நியாயம் கேட்க வருகிறவள் மாதிரி வந்தாள்.

பதினொன்று புள்ளி ஏழு ஒன்று.

மூச்சு இரைக்க எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
தண்ணீர் போத்தலைத் தேடிப் போனாள்.

கடிதத்துக்குப் பதில் என் பையில் இருக்கிறது.
பதின்மூன்று என்று பேனாவால் எழுதிவிட்டேன்,
அதை அடிக்க மாட்டேன்.
ஏழு ஒன்றுதான் தூங்க விடவில்லை.
கையால் பிடித்த நேரம் சபை ஏறாது, தெரியும்.
ஆனாலும்
அவள் நெஞ்சு கோட்டைத் தொட்டபோது அழுத்தினேனா,
தொட்டுவிடுவாள் என்று தோன்றியபோதா?
இருபது வருஷமாக
இந்தக் கட்டைவிரலை நம்பித்தான்
மற்றவர் நேரத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்.