எது முதலில்

டொக்டர் ரங்கிகாவுக்குத் தமிழ் பாதிதான் வரும்.
கேள்வி முழுசாய் இருந்தது:
முதல்ல என்ன வந்தது, அம்மா?
இருமலா, குளிசையா, வாயா?

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மூன்றாம் இரவு.
மிதுலனின் சொண்டு இரண்டும்
அடிப்பிடித்த தோசை ஓரம்போலப் பொருக்குக் கட்டிக் கிடக்கு.
கண்ணிமைகளைப் பீளை ஒட்டிவிட்டது.
உப்புத்தண்ணிப் பஞ்சால் நனைத்து நனைத்துத்தான்
அவனுக்குக் காலையைக் காட்டவேண்டியிருக்கு.
எச்சில் விழுங்க ஏலாது, கிண்ணத்தில் வடியவிடுகிறான்.
மூத்திரம் போகையில் நேற்றுக் கத்தினான்.
பதினாலு வயசு. என்னை
வெளியே நில் என்று கையால் காட்டினான்.
தோலில் அவ்வளவு இல்லை:
முழங்கையில் நாலு, முதுகில் மூன்று,
நடுவில் பொட்டு வைத்த சிவப்பு வட்டங்கள்.

அம்மாள் வருத்தம் என்று
பக்கத்துக் காணிச் செல்வநிதி
வேப்பங்குழை கொண்டுவந்து படலையில் செருகினவள்.
நான் பேசாமல் நின்றேன்.
அம்மாள் என்றால் நான் தப்பிவிடுவேன்.

என் பேர்சுக்குள் ஒரு குளிசை மட்டை.
பத்தில் ஆறு வெறும் குழி.
மாங்குளம் பாமசியில் துண்டில்லாமல் நான் வாங்கினது.
ஒத்துக்கொள்ளாத குளிசைக்கும் இப்படித்தான் வாய் வெந்துபோகுமாம்,
நேர்ஸ் ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னது காதில் விழுந்தது.
அதன்பிறகு பேர்சைத் திறக்கவே பயம்.

எது முதலில்?
கலண்டரில் எனக்கு நாள் நிற்காது,
கடனில்தான் நிற்கும்.
புதன்கிழமை லோன் கூட்டம். அதுக்கு முதலே இருமல், ஒரு கிழமையாய்.
ஆயிரத்து எழுநூற்றைம்பது கட்டிவிட்டு வந்து
சோறு போட்டேன். சம்பலைத் தள்ளிவைத்தான்.
எரியுது என்றான்.
செல்லம் கொட்டாதை என்றேன்.
கண் சிவந்திருந்தது,
போன் பார்த்த கண் என்று அதுக்கும் பேசினேன்.

குளிசை வாங்கினது வெள்ளி.
வெள்ளிதான் முட்டைக் காசு வந்தது.
கையில் சதமில்லாத அந்த இரண்டு நாள்
இப்போது எனக்காகச் சாட்சி சொல்லுது.

அப்ப குளிசை இல்லை, அனேகமா, என்றாள் டொக்டர்.
ரத்தம் பார்க்கவேணும் என்றும் சொன்னாள்.
கடதாசியில் நெஞ்சு கீறி உள்ளே ஒரு புள்ளி வைத்தாள்: கிருமி.
உடம்புக்கு அதில... என்று சொல் தேடி,
அற்றெண்டனிடம் கேட்டு வந்து சொன்னாள்: கோபம்.
கோபம் வாயில, கண்ணில வருது.

கள்ளன் நெஞ்சுக்குள். அடி சொண்டுக்கு.

மட்டையைக் குப்பையில் போட்டேன்.
செல்லம் கொட்டாதை என்றதை
எந்தக் கூடையில் போடுவது?

விடியப்புறம் ஒரு கண் திறந்தது, பாதி.
போனைக் கேட்டு விரலால் தட்டினான்.
அழப்போகிறான் என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன்.

இண்டைக்குப் புதன்.
லோனுக்கு என்ன செய்யிறியள்?